சேலத்து வகுப்பறையில் பௌத்தமும் கிழக்காசியச் சமயங்களும்: ஒரு பருவப் பாடத்தை நடத்தும் முறை

வரலாறு, மெய்யியல், தமிழ் ஆகிய துறைகளில் முதுகலை பயிலும் மாணவர்களுக்கு பௌத்தமும் கிழக்காசியச் சமயங்களும் விருப்பப்பாடமாக வைக்கப்படும்போது, அதை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் சீனமோ ஜப்பானியமோ அறியாத ஓர் உதவிப் பேராசிரியருக்கே வந்து சேர்கிறது. அவர் பாலியும் சமஸ்கிருதமும்கூட முறையாகக் கற்றிருக்கமாட்டார். சேலம் மாவட்டத்துக் கல்லூரிகளில் அத்தகைய பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொழி தெரியாமை ஒரு குறைதான். ஆனால் பாடத்தை நடத்த முடியாத அளவுக்குப் பெரிய குறை அன்று.

பல்கலைக்கழகம் வகுத்துத் தரும் பாடத்திட்டம் வழக்கமாக ஐந்து அலகுகளாக இருக்கும். புத்தரின் வாழ்வு, அவருடைய போதனை, சங்கத்தின் பிளவுகள், சீனத்துக்குப் பரவிய வரலாறு, கொரியாவும் ஜப்பானும் என்று அது காலவரிசையில் செல்லும். அலகுகளை ஆசிரியர் மாற்ற முடியாது. ஆனால் எந்த வாசல் வழியாக மாணவர்களை உள்ளே அழைத்துச் செல்வது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. லும்பினியில் தொடங்கி கியோட்டோவில் முடியும் விரிவுரைகளை மட்டும் கேட்ட மாணவர், பருவத்தேர்வு முடிந்த சில நாட்களில் நான்கு உண்மைகளையும் எண்வழிப் பாதையையும் தவிர மற்றவற்றை மறந்துவிடுகிறார். சேலத்தில் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டிய இடம் சேலமே என்பது என் உறுதியான கருத்து.

ஊரில் இருக்கும் கல்லிலிருந்து தொடங்குதல்

சேலம் கோட்டைச் சாலையில், பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் நெடுங்காலமாக வழிபடப்பட்டு வந்த கற்சிலை ஒன்று உள்ளது. அது புத்தர் சிலை என்று கோரி 2011-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்ற ஆணைப்படி தமிழ்நாடு தொல்லியல் துறை அமைத்த குழு சிலையை ஆய்வு செய்து, அது புத்தருக்குரிய இலக்கணங்களைக் கொண்டது என்று அறிக்கை அளித்தது. அந்த அறிக்கையை ஏற்று, 2022 ஜூலையில், அதை முனியப்பனாகக் கருதுவதைத் தொடர இயலாது என்றும், இடம் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும், பொதுமக்கள் வந்து பார்க்கலாமே தவிர பூசை நடத்தக்கூடாது என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முதல் வாரத்தில் இந்தத் தீர்ப்பைப் பற்றி மாணவர்களிடம் எதுவும் சொல்லாமல், சிலையின் தெளிவான ஒளிப்படங்களை மட்டும் கொடுத்து, கண்ணால் காண்பதை எழுதச் சொல்லுங்கள். கால்கள் எப்படி மடிந்திருக்கின்றன, கைகள் எங்கே படிந்திருக்கின்றன, காதுமடல் எவ்வளவு நீண்டிருக்கிறது, தலைமுடி சுருள்சுருளாக இருக்கிறதா, உச்சியில் மேடு தெரிகிறதா, எந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறது, கழுத்துப் பகுதியில் என்ன நடந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பெயர் சொல்லாமல் விவரிக்கும் இந்தப் பழக்கம் மாணவர்களுக்கு எளிதில் வருவதில்லை. முதல் தாள்களில் “சாந்தமான முகம்” என்றும் “தெய்வீகக் களை” என்றும்தான் எழுதுவார்கள். அவற்றை அடித்துவிட்டு, தாமரை இருக்கை, மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உள்ளங்கைகள், துண்டிக்கப்பட்டுப் பிறகு சிமென்ட் கலவையால் பொருத்தப்பட்ட தலை என்று எழுதும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவர வேண்டும். அதன்பின் தீர்ப்பின் செய்தியைச் சொன்னால், தாங்கள் எழுதிய குறிப்புகளும் தொல்லியல் குழுவின் குறிப்புகளும் எங்கே ஒத்துப்போகின்றன என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. முனியப்பனைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டுக் கிடாவெட்டிப் பொங்கல் வைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். பௌத்தத்தைத் தழுவிய குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். யார் சொல்வது சரி என்ற விவாதமாக இதை மாற்றினால் பாடம் அன்றோடு முடிந்துவிடும். ஒரு சிலை இன்னாருடையது என்பதை முடிவு செய்வது எது, சிற்ப இலக்கணமா, வழிபடுவோரின் வழக்கமா, அரசின் ஆவணமா என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, விடை சொல்லாமல் விட்டுவிடுங்கள். பருவம் முழுவதும் இந்தக் கேள்வி வெவ்வேறு நாடுகளில் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் உளுந்தூர்ப்பேட்டை சாலையில் ஆத்தூரைக் கடந்து, தலைவாசலை ஒட்டிய தியாகனூருக்கு மாணவர்களை அழைத்துச் செல்லலாம். அங்கே அமர்ந்த நிலையில் பெரிய புத்தர் சிலைகள் இரண்டு உள்ளன. வகுப்பில் ஒளிப்படத்தை வைத்துப் பழகிய அதே விவரிப்பை நேரில் நின்று செய்யட்டும். தியாகனூருக்குப் போய் வந்தபின் பௌத்தம் வேறெங்கோ நடந்த கதை என்ற எண்ணம் மாணவர்களிடம் தங்குவதில்லை. விரிவுரையால் எவ்வளவு முயன்றாலும் அந்த எண்ணத்தை அகற்ற முடியாது.

கோட்பாட்டை அளவோடு நடத்துதல்

கோட்பாட்டுக்கு மூன்று வாரங்கள் போதும். தமிழ் மாணவர்களுக்கு மணிமேகலையைவிடச் சிறந்த நுழைவாயில் இல்லை. துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றுவதைக் காட்டும் பன்னிரு சார்புகளையும் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று அது தமிழிலேயே தருகிறது. 1898-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த அந்தக் காப்பியம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையுடன் கிடைக்கிறது. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையையும் கடைசிக் காதையையும் வகுப்பில் உரக்கப் படித்து, வரிவரியாக நின்று விளக்குங்கள். மற்றவற்றைக் கதைச்சுருக்கமாகச் சொன்னால் போதும்.

மகாயானத்துக்கு வரும்போது சூனியவாதத்தையும் விஞ்ஞானவாதத்தையும் முழுமையாக நடத்திவிட வேண்டும் என்று தவிக்க வேண்டியதில்லை. கிழக்காசியாவைப் புரிந்துகொள்ள உடனடியாகத் தேவைப்படுபவை மூன்று: பிற உயிர்களைக் கரையேற்றுவதற்காகப் புத்தநிலையை நாடும் போதிசத்துவர் என்ற கருத்து, ஒருவர் ஈட்டிய புண்ணியத்தை இன்னொருவருக்கு ஈந்துவிட முடியும் என்ற நம்பிக்கை, இவ்வுலகுக்கு அப்பால் வேறு புத்தர்கள் ஆளும் தூய நிலங்கள் உண்டு என்ற நம்பிக்கை. இவை தெளிவாகிவிட்டால் சீனக் கோயிலிலும் ஜப்பானியக் கல்லறையிலும் நடப்பவை மாணவர்களுக்கு விளங்கத் தொடங்கும்.

சீனம்: பாடத்தின் நடுப்பகுதி

பருவத்தின் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்க வேண்டும். சீனத்தில் பௌத்தம் பரவியது என்று ஒரே சொற்றொடரில் எழுதிக் கடந்துவிடுவது நம் பாடநூல்களின் வழக்கம். உண்மையில் அது நூற்றாண்டுக்கணக்கில் நீண்ட, இழுபறியான உறவு. கி.பி. 148-இல் லோயாங் வந்தடைந்த பார்த்தியர் ஆன் ஷிகாவ், கி.பி. 399-இல் நூல் தேடி மேற்கே புறப்பட்ட பாகியான், கி.பி. 406-இல் தாமரைச் சூத்திரத்தைச் சீனத்தில் தந்த குமாரஜீவர் ஆகிய மூவரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கினால் நிலப்பரப்பும் காலமும் மாணவர்களின் மனத்தில் பதிந்துவிடும். பெயர்ப்பட்டியலை நீட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. ஆங்கில நூல்களில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருப்பதால், நீங்கள் பயன்படுத்தும் தமிழ் வடிவங்களை ஒரு தாளில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சீனப் பகுதியின் இதயமாக நான் எடுத்துக்கொள்வது மூதாதையர் வழிபாட்டை. மகன் வீட்டைத் துறந்து மொட்டையடித்துக்கொண்டு போய்விட்டால் பெற்றோரை யார் காப்பது, இறந்தபின் யார் படையல் இடுவது என்பதுதான் கன்பூசிய மரபினர் பௌத்தத் துறவிகளிடம் விடாமல் கேட்ட கேள்வி. பௌத்தர்கள் அதற்கு அளித்த விடைகளில் மக்கள் மனத்தில் ஆழமாக இறங்கியது மொக்கல்லானரின் கதை. புத்தரின் சீடரான அவர், பசித்த ஆவியாகப் பிறந்து துன்புறும் தம் தாயைக் காண்கிறார். அவர் கொடுக்கும் சோறு தாயின் வாயருகே போனதும் தணலாக மாறுகிறது. ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாளில் சங்கத்துக்கு உணவளித்தால் அந்தப் புண்ணியம் தாயை மீட்கும் என்று புத்தர் வழி சொல்கிறார். சீனத்தின் ஆவிகள் மாதத்துக்கும் ஜப்பானின் ஓபோன் திருநாளுக்கும் பின்னால் இந்தக் கதை நிற்கிறது. துறவியானவன் வீட்டுக்குப் பயன்படாதவன் அல்லன், வீட்டில் இருப்பவனால் செய்ய முடியாத உதவியைத் தாய்க்கு அவனால்தான் செய்ய முடியும் என்று இந்தக் கதை வாதத்தைத் திருப்பிப்போடுகிறது.

ஆடி அமாவாசைக்கு மேட்டூரிலும் பவானி கூடுதுறையிலும் தர்ப்பணம் கொடுக்கும் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்தக் கதையை விளக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் “நம்முடையதும் அதுவும் ஒன்றுதான்” என்ற முடிவுக்கு அவர்கள் உடனே தாவிவிடுவார்கள். அங்கேயே நிறுத்துங்கள். இறந்தவருக்கு நேராகப் படைப்பதும், துறவிகளின் கூட்டத்துக்குப் படைத்து அதன் பயனை இறந்தவருக்கு அனுப்புவதும் வேறு வேறு அமைப்புகள். இடையில் சங்கம் வந்து நிற்பதால் மடங்களுக்கு நிலமும் நெல்லும் செல்வாக்கும் வந்து சேர்ந்தன. ஒப்புமையைக் காட்டியவுடன் வேற்றுமையையும் காட்டுவது இந்தப் பாடம் முழுவதற்கும் நான் பின்பற்றும் ஒழுங்கு.

மடங்களின் செல்வம் என்று வந்துவிட்டால், 845-ஆம் ஆண்டின் ஒடுக்குமுறைக்கு அடுத்த வகுப்பிலேயே போய்விடலாம். 819-இல் ஹான் யூ என்ற அறிஞர் புத்தரின் எலும்பை அரண்மனைக்குள் எடுத்துவருவதைக் கண்டித்துப் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதி நாடுகடத்தப்பட்டார். கால் நூற்றாண்டு கழித்து வேறொரு பேரரசர் 4,600 மடங்களை இடித்து, 2,60,500 துறவியரை இல்லறத்துக்குத் திருப்பி அனுப்பியதாக அரசுக் கணக்கே சொல்கிறது. மாணவர்கள் இதைச் சமயப் போராக மட்டும் எழுதுவார்கள். வரி செலுத்தாத நிலங்களும், நாணயம் வார்க்கத் தேவைப்பட்ட வெண்கலமும், வரிப்பட்டியலில் இல்லாத ஆட்களும் அரசின் கண்ணை உறுத்தியதை அவர்கள் பார்க்குமாறு செய்ய வேண்டும்.

கன்பூசியத்தையும் தாவோயிசத்தையும் தனித்தனிச் சமயங்களாகப் பிரித்து நடத்தாதீர்கள். ஒரே குடும்பம் மூதாதையர் பலகைக்கு ஊதுவத்தி ஏற்றி, பேய் ஓட்டத் தாவோயிசக் குருவை அழைத்து, இறப்புச் சடங்குக்குப் பௌத்தத் துறவியைக் கூப்பிட்டது. குலதெய்வத்துக்கு ஒரு நாள், மாரியம்மனுக்கு ஒரு நாள், பெருமாளுக்குப் புரட்டாசிச் சனி என்று வாழும் நம் மாணவர்களுக்கு இது வியப்பைத் தராது. ஒருவருக்கு ஒரு சமயம்தான் இருக்க முடியும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட பாடநூல்களைப் படிக்கும்போதுதான் அவர்கள் குழம்புகிறார்கள்.

போதிதர்மர் பற்றிய கேள்வி

முதல் நாளிலேயே யாரேனும் ஒருவர் போதிதர்மரைப் பற்றிக் கேட்பார். ஏழாம் அறிவு திரைப்படம் வந்த 2011-க்குப் பிறகு அவரைப் பல்லவ இளவரசராகவும் குங்பூவின் தந்தையாகவும் அறியாத தமிழ் மாணவரே இல்லை எனலாம். இந்த ஆர்வத்தைக் கேலி செய்யக் கூடாது. அதேபோல் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. சான்றுகளைக் கால வரிசையில் தனித்தனித் தாள்களில் எழுதிக் கொடுத்து, மாணவர்களையே அடுக்கச் சொல்வது நல்ல பலன் தருகிறது. 547-ஆம் ஆண்டளவில் லோயாங் நகரின் மடங்களைப் பற்றி எழுதிய யாங் ஷுவான்ச்சி, அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறார். அவருடைய சீடராகக் கருதப்படும் தான்லின் எழுதியதாக வரும் முன்னுரை, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. லியாங் வம்சத்துப் பேரரசர் வூவுடன் நடந்த உரையாடலும் ஒன்பது ஆண்டுச் சுவர் நோக்கிய தியானமும் பிற்காலத்து நூல்களில்தான் வளர்ந்து நிற்கின்றன. குங்பூவோடு அவரைச் சேர்க்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் முன்னுரைகள் போலியானவை என்பதை 20-ஆம் நூற்றாண்டில் தாங் ஹாவ் என்ற சீன வரலாற்றாய்வாளர் நிறுவினார். காஞ்சி என்பதும் பல்லவர் என்பதும் இவற்றின் மேல் பின்னர் எழுந்த ஊகங்கள்.

தாள்களை அடுக்கி முடித்தபின் வகுப்பில் ஏமாற்றம் பரவுவது இயல்பு. அப்போது வஜ்ரபோதியை அறிமுகப்படுத்துங்கள். தென்னாட்டில் பிறந்து, காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவராகச் சீன வரலாறுகளில் குறிக்கப்பட்டு, 720-ஆம் ஆண்டளவில் கடல்வழியே சீனம் சென்ற அவரிடம் அமோகவஜ்ரர் பயின்றார். அமோகவஜ்ரரின் மாணவர் ஹுய்குவோவிடம், 804-இல் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த கூகாய் பயின்று, திரும்பிச் சென்று கோயா மலையில் தம் மரபை நிறுவினார். பெருமை கொள்வதற்கு இந்தக் கோவை எந்த வகையிலும் குறைந்ததன்று, சான்றும் வலுவாக உள்ளது. இதோடு இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்தையும், அதற்கு ஆனைமங்கலம் கொடையளிக்கப்பட்டதைச் சொல்லும் செப்பேடுகளையும், சீனத்தின் சுவான்சோவில் 1281-இல் சிவன் கோயிலுக்காகப் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டையும் சேர்த்து நடத்தினால் கடல்வழி முழுமையாகிவிடும். நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத்திருமேனிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துறைச் சுற்றுலா சென்னைக்கு என்றால் அரைநாளை அங்கே ஒதுக்குங்கள்.

கொரியாவுக்கு இரண்டு வகுப்புகள் போதும். ஹேயின்சா மடத்தில் காக்கப்படும், பௌத்தத் திருநூல் தொகுதியைச் செதுக்கிய 81,258 அச்சுப் பலகைகளைச் சுற்றி அவற்றை அமைத்துக்கொள்ளலாம்.

சேர்வராயன் மலையில் ஒரு நாள்

கிழக்காசியச் சமயங்களில் மலைக்கு உள்ள இடத்தை வகுப்பறைக்குள் விளக்குவது கடினம். ஏற்காட்டில் ஒரு நாள் இருந்தால் அது எளிதாகிறது. 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த சேர்வராயன் உச்சியில், குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் குடிகொண்டிருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைவாழ் மக்கள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் வந்து கூடுகிறார்கள். அங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியவை, மலையே தெய்வமா அல்லது தெய்வம் இருக்கும் இடமா, யார் பூசை செய்கிறார்கள், மலையேறும் வழியில் எங்கெல்லாம் நின்று கும்பிடுகிறார்கள் என்பவை. ஒரு மாணவி தம் தாளில், செருப்பைக் கழற்றும் இடம் கோயில் வாசலுக்கு வெகுமுன்பே தொடங்கிவிடுவதை மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தார். புனித நிலத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றி நான் படித்த மாணவர் கட்டுரைகளில் அதுவே சிறந்தது.

திரும்பி வந்து, மஞ்சுஸ்ரீயின் வூதாய், சமந்தபத்திரரின் ஏமெய், குவான்யினின் பூதுவோ, க்ஷிதிகர்பரின் ஜியுஹுவா ஆகிய சீனத்தின் நான்கு மலைகளை நடத்துங்கள். இவற்றில் பூதுவோவுக்கு அதிக நேரம் கொடுக்கலாம். அவலோகிதேசுவரரின் உறைவிடமான போதலகம் தென்னாட்டு மலைகளில் இருப்பதாக யுவான் சுவாங் குறித்திருக்கிறார். அது பொதிகையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சீனர் அந்த மலையைத் தம் கிழக்குக் கடலின் தீவு ஒன்றில் நிலைநிறுத்திக்கொண்டனர். திபெத்தியர் தம் தலைநகரின் அரண்மனைக்கு அப்பெயரையே இட்டனர். இந்தியாவின் புனித நிலம் வேற்று நாட்டில் புதிதாக வேரூன்றுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை.

ஜப்பானும் 1868-உம்

ஜப்பான் என்றதும் மாணவர்கள் ஜென் தியானத்தையே எதிர்பார்ப்பார்கள். தியானத்தில் அமராமல், தூய நிலத்தை ஆளும் புத்தரான அமிதரின் பெயரை ஓதி மட்டும் வாழும் பௌத்தர்களே அங்கு மிகுதி என்பதை ஹோனென், ஷின்ரான் ஆகியோர் வழியாக முதலில் நிறுவிவிட்டு, ஜென் ஆசிரியர் டோகனைப் பிறகு எடுத்துக்கொள்வது நல்லது. திருப்பெயரை ஓதுவதே கதி என்ற பக்தி நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதால் இந்தப் பகுதி விரைவாக நகரும்.

நிறுத்தி நடத்த வேண்டியது 1868. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானில் காமிகள் எனப்படும் அந்நாட்டுத் தெய்வங்களும் புத்தர்களும் ஒரே வளாகத்தில் வழிபடப்பட்டனர். இன்ன காமி இன்ன போதிசத்துவரின் உருவமே என்று மக்கள் நம்பினர். அந்த ஆண்டில் ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு இவற்றைப் பிரிக்குமாறு ஆணையிட்டு, காமியின் திருவுருவாக வைக்கப்பட்டிருந்த பௌத்தச் சிலைகளை அகற்றச் சொன்னது. ஆணை கேட்டதற்கும் அப்பால் போய், பல இடங்களில் சிலைகள் உடைக்கப்பட்டன. இரண்டையும் கலந்து மலைகளில் வாழ்ந்த ஷுகெந்தோ மரபு 1872-இல் தடை செய்யப்பட்டது. முதல் வாரத்தில் கரும்பலகையில் எழுதிய கேள்வியை இங்கே மீண்டும் எடுத்து, பெரியேரிச் சிலையின் தீர்ப்போடு மாணவர்கள் ஒப்பிடட்டும். ஜப்பானில் ஓர் அரசு தன் அரசியல் தேவைக்காக ஒரு மரபை உயர்த்த மற்றொன்றை வெளியேற்றியது. இங்கே ஒரு நீதிமன்றம் தொல்லியல் சான்றின் பேரில் ஒரு சிலையின் அடையாளத்தை முடிவு செய்தது. நோக்கம் வேறு, திசையும் வேறு. ஆனால் இரண்டு இடங்களிலும், இரு பெயர்களைத் தாங்கி நின்ற ஓர் உருவம் இனி ஒரே பெயரோடுதான் இருக்க வேண்டும் என்று ஆயிற்று.

வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள்

இறுதி அலகில் அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கமும், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதும் வரும். இவற்றைப் பழைய பௌத்தத்தின் பிற்சேர்க்கையாக நடத்துவது தவறு. சீனர் தம் மூதாதையர் கேள்வியோடு பௌத்தத்தை எதிர்கொண்டு அதை மாற்றியமைத்தது போலவே, இவர்கள் சாதியின் கேள்வியோடு எதிர்கொண்டு மாற்றியமைத்தார்கள். அதே கனத்தோடு நடத்த வேண்டும். வகுப்பில் பௌத்தக் குடும்பத்து மாணவர் இருப்பது தெரிந்தாலும், “நீங்கள் சொல்லுங்கள்” என்று அவரை எழுப்பாதீர்கள். அவர் தாமே பேச விரும்பினால் பேசட்டும். ஒரு சமயத்துக்குச் சான்றாக நிற்கும் சுமையை ஆசிரியர் அவர்மேல் ஏற்றக் கூடாது. வகுப்பில் தியானப் பயிற்சி நடத்துவதையும் இதே காரணத்துக்காக நான் தவிர்க்கிறேன்: மதிப்பெண் போடும் ஒருவர் முன்னால் கண்மூடி அமர மறுப்பது எந்த மாணவருக்கும் எளிதன்று.

அகமதிப்பீடும் வினாத்தாளும்

அகமதிப்பெண்ணுக்கான ஒப்படைப்பாக, மாணவர் தம் ஊரில் உள்ள ஏதேனும் ஒரு சிறு வழிபாட்டிடத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று பக்கம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் கண்ணால் கண்டது மட்டும். இரண்டாவதில் அங்கிருப்பவர்கள் சொன்னது, யார் சொன்னார் என்ற விவரத்தோடு. மூன்றாவதில்தான் மாணவரின் கருத்து. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதற்கு இதில் வழியே இல்லை.

பருவத்தேர்வு வினாக்களை அமைக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், “சீனத்தில் பௌத்தம் பரவிய வரலாற்றை விவரி” என்பதற்குப் பதிலாக, “மகன் துறவியானால் தாய்க்கு யார் சோறிடுவது என்ற கேள்விக்குச் சீனப் பௌத்தர்கள் அளித்த விடை என்ன? அந்த விடையால் மடங்கள் அடைந்த பயன் யாது?” என்று கேளுங்கள். பெயரும் ஆண்டும் ஒன்றிரண்டு பிழைபட்டிருந்தாலும், கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதிய விடைத்தாளுக்குத் தாராளமாக மதிப்பெண் இடுங்கள். அப்படி இடப்போவதை முதல் வாரத்திலேயே வகுப்பில் அறிவித்துவிடுங்கள்.